நான் கொடுத்த கேசட்

மூன்று வாரங்களுக்கு முன், ஞாயிறு காலை, பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஜெபக்கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் கற்கள் விழுந்தன. உள்ளே நாற்பது பேர். பெரும்பாலும் தொழிற்சாலைத் தமிழர்கள். ஒரு பெண்ணுக்கு நெற்றியில் நான்கு தையல்.

போதகர் தேவதாஸ் என்னைத் தேடி வந்தார். முன்பு லேத் ஓட்டியவர்; என் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் நின்றவர். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால் என்ன?

"தம்பி, உனக்குத்தான் பேசத் தெரியும். ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுப்பா."

பேசத் தெரியும்! மத வெறுப்பைத் தண்டிக்கும் சட்டமே சிறுபான்மையினரின் கேடயம் என்று மேடைதோறும் முழங்கிக் கோப்பை வென்றவன் நான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கும் அது தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். எறிந்தவர்களின் பெயர்களோடு நான்கு பக்கம் எழுதினேன். சட்டப் பிரிவுகளை அடுக்கினேன். ஆதாரம்?

இருந்தது. ஞாயிறன்றும் வேலைக்குப் போகிறவர்கள் பிறகு கேட்பதற்காக அந்தச் சபையில் பிரசங்கத்தை கேசட்டில் பதிவு செய்வார்கள். கடைசி இரண்டு நிமிடம் கல் விழும் ஓசை, அலறல்... அத்தனையும் தெளிவாக. அந்தப் பகுதியை மட்டும் மூன்று முறை கேட்டேன். புகாரோடு இணைத்தேன்.

மறுநாள் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் டேப் ரெக்கார்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஆனால், அவர் ஓடவிட்டது ஆரம்பத்தை.

"கல்லைக் கும்பிட்டேன்... கல்லாவே கெடந்தேன்..."

போதகரின் குரல். குடித்துவிட்டு மனைவியை அடித்த தன் பழைய நாட்களையும், மதம் மாறிக் குடியை விட்டதையும் பற்றி அவர் வாரந்தோறும் சொல்லும் சாட்சி.

"நம்ம சாமி கல்லா, ஸ்வாமி?" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம், கன்னட வாடையடித்த தமிழில். "கல்லு சத்தம் ரெண்டு நிமிஷம். இவர் பேச்சு நாப்பது நிமிஷம். நீங்க எழுதின அதே செக்ஷன்தான். யார் மேல போடட்டும்?"

"சார், அது அவரோட சொந்தக் கதை..."

"கோர்ட்ல சொல்லுங்க."

எனக்கு வலிக்கவில்லையா? வலித்தது. தினமும் விளக்கேற்றும் வீட்டில் வளர்ந்தவன். அந்த வரி என்னையும் குத்தியது. ஆனால், என் நெற்றியில் தையல் இல்லை. இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்... எந்த மேடையிலும் என்னைக் கைவிடாத குரல் அன்று எழவில்லை.

முடிவு — சமரசம். புகார் வாபஸ். எறிந்தவர்கள் இனி எறிய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். போதகர் பிற வழிபாட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். ஒரே காகிதத்தில்!

"மன்னிச்சிடுங்க அங்கிள். முழுசாக் கேக்காமக் குடுத்துட்டேன்."

"விடுப்பா. கேட்டிருந்தா நீயே கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பே" என்று சிரித்தார்.

போன ஞாயிறு ஜெபக்கூடத்துக்குப் போயிருந்தேன். பாட்டு, ஜெபம்... சாட்சி இல்லை. எல்லாம் முடிந்தபின், கன்னம் கன்றிய ஒரு பெண் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தாள்.

"ஐயா, நீங்களும் ஒரு காலத்துல எங்க வீட்டுக்காரர் மாதிரிதான் குடிச்சீங்களாமே... எப்படி விட்டீங்க?"

போதகர் வாய் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, "ஜெபம் பண்ணிக்கலாம்மா" என்றார்.

அவள் இன்னும் சற்று நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

கல் எறிந்தவர்கள் எழுதிக் கொடுத்தபடியே நடக்கிறார்கள். அவரும்தான்.