முதுகில் அப்பாவின் பெயர்

என் அக்கா புஸ்பவதி தன் புருஷனின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. கலியாணம் முடித்து ஜெர்மனியில் எசன் நகரத்துக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வீட்டில் "இஞ்சருங்கோ", வெளியில் "பிள்ளையின்ர அப்பா", கோபம் வந்தால் "உந்த மனுசன்". அதோடு சரி. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று யாரோ சின்ன வயதில் அவள் காதில் போட்டுவிட்டார்கள். அத்தானின் பெயர் மகேந்திரராஜா. நான் மச்சாள்காரி, எனக்கு அந்தப் பயம் கிடையாது, தாராளமாக எழுதலாம்.

ஆனால் நான் எழுத வந்தது அக்காவைப் பற்றி அல்ல, அவளுடைய மகள் கிருசாந்தியைப் பற்றி. நெதர்லாந்து, சுவீடன், இத்தாலி என்று மூன்று நாடுகளில் சம்பளத்துக்குக் கால்பந்து விளையாடிய எங்கள் வீட்டுப் பிள்ளை. கிருசாந்தியின் கதையைத் தொடங்கினால் அது எப்படியும் அந்தப் பெயரில்தான் வந்து நிற்கும். ஏனென்றால் பேசப் பழகிய நாளிலிருந்து அக்காவுக்காக அந்தப் பெயரைச் சொல்லி வந்தவள் அவள்தான்.

கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால், அக்கா மகளின் தோளில் தட்டுவாள். நாலு வயதுப் பிள்ளை, "மகேந்திரராஜா, உத்தரட்டாதி" என்று கோயில் அதிரக் கத்தும். அரச அலுவலகம் ஒன்றில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்துப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் புருஷனின் பெயரைக் கேட்டிருக்கிறாள். அக்கா பேசாமல் நிற்க, சொந்தப் புருஷனின் பெயர் தெரியாதா என்று அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாளாம். அன்றைக்கும் பிள்ளைதான் எட்டி நின்று சொன்னது.

பெண்பிள்ளை பந்து விளையாடினாள் என்றவுடன் வீட்டில் அடிதடி நடந்திருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வகுப்புச் சிநேகிதி ஒருத்தி கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள், இவள் போனாள், திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து மைதானங்கள் புல் இல்லாத சிவப்புச் சாம்பல் மைதானங்கள். விழுந்தால் முழங்கால் உரிந்து சாம்பல் உள்ளே ஒட்டிக்கொள்ளும். அக்காவுக்கு இருந்த ஒரே கவலை வெள்ளைச் சாக்ஸ். அதை எதில் ஊறவைத்தாலும் சிவப்புப் போகாது. திட்டித் திட்டித் தோய்ப்பாள், ஆனால் பயிற்சிக்கு ஒரு நாள்கூடப் பிந்திக் கொண்டுபோய் விட்டதில்லை. எங்கள் சனத்தில் நேரத்துக்குப் போகிற ஒரே ஆள் என்று அத்தான் பகிடி பண்ணுவார்.

சனம் என்று சொன்னேன், அவர்களையும் சொல்லத்தான் வேண்டும். பிறந்தநாள் கொண்டாட்டமோ கலியாணமோ, மண்டபத்துக்குள் காலை வைத்தால் ஆராவது ஒருத்தர் வருவார்.

"பிள்ளை பந்தடிக்கிறாளாம், நல்லது. தொழில் படிக்கோணுமே, அவுஸ்பில்டுங் என்ன செய்யிறாள்?"

"பந்தடிக்கிறதுதான் அவுஸ்பில்டுங்," என்று நான் சொல்வேன்.

"அது சரி, பிறகு என்ன வேலை?"

"பந்தடிக்கிறதுதான் வேலை."

அதற்குப் பிறகு அவர்கள் கேட்கிற கேள்வி உங்களுக்கே தெரியும். கலியாணம். கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது அவளுடன் எடுத்த படத்தைத் தங்கள் வட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை, பார்த்துச் சிரிப்பேன்.

கிருசாந்தி தடுப்பாட்டக்காரி. கோலுக்கு முன்னால் நின்று வருகிறவர்களை மறிப்பதுதான் அவளுடைய வேலை. கோல் போடுகிறவளின் படம் பேப்பரில் வரும், கோல் போகாமல் தடுத்தவளை ஒருவருக்கும் ஞாபகம் இராது. அது அத்தானின் குணம் என்று நினைக்கிறேன். அவர் பெரிய பாண் பேக்கரி ஒன்றில் வேலை. அங்கே ஒருவருக்கும் மகேந்திரராஜா என்ற பெயர் வாய்க்குள் நுழையவில்லை. வந்த முதல் கிழமையே 'மாக்ஸ்' என்று வைத்துவிட்டார்கள். இவரும் மாக்ஸ் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

ஒரு கோடையில் பேக்கரியில் குடும்பங்களுக்கு விருந்து வைத்தார்கள். கிருசாந்திக்குப் பதினொரு வயதிருக்கும். எல்லோரும் தன் அப்பாவை மாக்ஸ், மாக்ஸ் என்று கூப்பிடுவதை அன்றைக்குத்தான் அவள் முதன்முதலில் கேட்டாள். கையிலிருந்த கேக்கை வைத்துவிட்டு, சிவந்த முகத்தோடு, "என் அப்பாவின் பெயர் மகேந்திரராஜா" என்று டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னாள். சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான், கேலியாகச் சிரிக்கவில்லை, இருந்தாலும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்போது அத்தான், "பேரில என்னம்மா கிடக்கு, ஆரைக் கூப்பிடுறாங்கள் எண்டு எனக்கு விளங்கினாச் சரிதானே," என்று அவளைச் சமாதானப்படுத்தினாராம். அவள் ட்ராமில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

பத்தொன்பது வயதில் நெதர்லாந்தில் ஒரு கிளப் அவளை ஒப்பந்தம் செய்தது. சட்டையின் முதுகில் என்ன பெயர் அடிப்பது என்று போனில் கேட்டார்கள். எங்கள் வழக்கத்தில் அப்பாவின் பெயர் பிள்ளைக்குப் பின்னால் வரும், ஐரோப்பாக்காரருக்கு அதுதான் குடும்பப் பெயர். அவள் 'மகேந்திரராஜா' என்று சொல்லப்போகிறாள் என்று தெரிந்ததும் அக்கா அவள் கையிலிருந்த போனைப் பறித்தாள்.

"அப்பான்ர பேரை முதுகில போட்டுக்கொண்டு சேத்துக்க உருளப்போறியோ? கண்ட கண்ட சனமெல்லாம் அவற்ற பேரைச் சொல்லிக் கத்தவோ? வேண்டாம் பிள்ளை, அவருக்குக் கூடாது."

ஊரை விட்டுப் போகிற பிள்ளை அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டு போக விரும்பவில்லை. 'கிருசி' என்று அடித்தார்கள். நெதர்லாந்தில் மூன்று வருடம் கிருசி. பிறகு சுவீடனில், கோடையிலும் காதை மூடுகிற குளிரில், கிருசி. பிறகு இத்தாலியில் கிருசி. ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில்கூட அவள் ஆடியிருக்கிறாள். வேலை முடிந்து வந்து கணினியில் ஆட்டத்தைப் பார்த்துக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பெருமை வந்தால் எனக்கு மறைக்கத் தெரியாது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குக்கூட அவளைத் தெரியும்.

இத்தாலியில்தான் முழங்கால் போனது. ஒருத்தரும் இடிக்கவில்லை, ஓடிவந்து திரும்பினாள், உள்ளே தசைநார் அறுந்தது. ஆறி எழும்பிப் பயிற்சிக்குப் போன புதிதில் மறுபடியும் அதே இடம். அந்த இரண்டாவது தடவை அவள் எசனுக்கு வந்து தன் பழைய அறையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள். சத்திரசிகிச்சை செய்த டொக்டர், விளையாட்டை விட்டாலும் வாழ்க்கை இருக்கிறது என்று அன்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அன்பாகச் சொன்னதால் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. காலையும் மாலையும் அந்தக் காலை மடக்கி நீட்டினாள். படியில் ஏறினாள், இறங்கினாள், அழுதாள், திரும்பவும் ஏறினாள். கீழ்வீட்டுக்காரி சத்தம் என்று வந்தவள், விசயம் தெரிந்ததும் தானும் நின்று எண்ணத் தொடங்கிவிட்டாள்.

விளையாட்டை விடவில்லை. எசனைச் சுற்றியுள்ள எங்கள் றூர் பக்கத்திலேயே முதல் பிரிவில் ஆடுகிற கிளப் ஒன்று அவளை ஒரு பருவத்துக்கு மட்டும் எடுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்த இடத்தில், அப்பா அம்மா வந்து பார்க்கக்கூடிய தூரத்தில் ஆடப்போகிறாள். அந்த முழங்காலோடு அது கடைசித் தடவையாகவும் இருக்கலாம். இந்த முறை அவள் ஒருவரையும் கேட்கவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் குசினியில் சொன்னாள்.

"மகேந்திரராஜா எண்டு குடுத்திட்டன்."

அக்கா கரண்டியை வைத்தாள். "நான் அப்பவே சொன்னனான் எல்லே? அவற்ற ஆயுளுக்குக் கூடாது."

"பேக்கரியில முப்பது வருசமா ஒருத்தரும் அப்பான்ர பேரைச் சொல்லேல்லை. அதால அவருக்கு ஆயுள் கூடினதோ அம்மா?"

அக்கா கரண்டியைத் திரும்ப எடுத்துச் சட்டியைக் கிண்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"என்ர முழங்கால் எப்ப போகும் எண்டு எனக்கே தெரியாது," என்றாள் கிருசாந்தி. "போக முன்னம் ஒருக்கா இந்த ஊர் அப்பான்ர பேரை முழுசாச் சொல்லோணும். அதுக்குத்தான் வந்தனான்."

அத்தான் மேசையருகில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் புரளவே இல்லை.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அந்தக் கிளப்பில் அவளுக்கு முதல் ஆட்டம். நாங்கள் மூன்று பேரும் போனோம். கொண்டுவந்த ரோல்ஸை உள்ளே விடமாட்டார்கள் என்று காருக்குள்ளேயே சாப்பிட்டு முடித்தோம். இந்த நாட்டு மைதானங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஆளின் முதல் பெயரை மட்டும் சொல்வார். பின்பெயரைச் சனம் சேர்ந்து கத்தும். அணி வரும்போது ஒருதரம், கோல் போட்டால் மூன்று தரம். கிருசாந்தி இதைத்தான் மனதில் வைத்திருந்தாள். அறிவிப்பாளர் பீலிக்ஸ், பெயர் நீளம், சனத்துக்கு வராது, கிருசி என்றே விடுவோமா என்று போன் பண்ணிக் கேட்டிருக்கிறான். வராவிட்டால் வராமல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அணியைச் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் மேளத்தோடு கத்தியது. பிறகு, "கிருசாந்தி!" என்றான்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக 'மஹே' என்று தொடங்கி, பாதியில் விழுந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் ஒருத்தன் சிரித்தான். பீலிக்ஸ் அவசரமாக அடுத்த பெயருக்குப் போனான். புல்லில் நின்ற கிருசாந்தி குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். அது அவிழவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நீளம்தானே, அவங்கள் என்ன செய்யிறது," என்றார் அத்தான், தன் கையைப் பார்த்தபடி.

அக்கா 'அப்பவே சொன்னன்' என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன், அது வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. என்ன சொல்வது, பிள்ளை ஆடினாள்! எதிரணியின் முன்வரிசைக்காரி மின்னல் வேகம். மூன்று தடவை தனியாக வந்தாள், மூன்று தடவையும் கிருசாந்தி காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்தாள், ஆளைத் தொடவில்லை. ஒவ்வொரு தடவை அவள் விழும்போதும் நான் அந்த முழங்காலைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழும்பினாள். இடைவேளைக்குப் பிறகும் இரண்டு பக்கமும் கோல் இல்லை.

முடிய இன்னும் கொஞ்ச நேரம். எங்களுக்குக் கோர்னர் உதை கிடைத்தது. உயரமானவர்கள் எல்லோரும் முன்னுக்குப் போனார்கள், கிருசாந்தியும் போனாள். பந்து வளைந்து வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் எழும்பி, நெற்றியால் அடித்தாள். வலை குலுங்கியது.

நான் எழும்பிக் குதித்தேன். முன்னால் நின்ற ஜெர்மன்காரரைக் கட்டிப்பிடித்தேனாம், எனக்கு நினைவில்லை. மைதானமே எழும்பி நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. பீலிக்ஸ் முழு மூச்சையும் இழுத்துக் கத்தினான்.

"கிருசாந்தி!"

கூட்டம் வாயைத் திறந்தது, சொல் வரவில்லை. இரண்டாயிரம் பேர் ஆளை ஆள் பார்த்தார்கள். அந்த மௌனம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். புல்லில் எங்கள் பிள்ளை கையை உயர்த்தியபடி, எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மகேந்திரராஜா!"

தனிக் குரல். கோழிக் குரல் மாதிரிக் கீறிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஜக்கெட் ஒரு தோளால் நழுவி, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"கிருசாந்தி!" என்றான் பீலிக்ஸ் இரண்டாவது தரம்.

"மகேந்திரராஜா!" என்றாள் அக்கா. இந்த முறை எங்கள் வரிசை அவளோடு சேர்ந்தது. பின்னால் சிரித்தவனும் சேர்ந்தான். மேளக்காரன் அவளைத் திரும்பிப் பார்த்து, தலையாட்டி, குச்சியை உயர்த்தினான்.

"கிருசாந்தி!"

மூன்றாவது தரம் மேளம் ஒவ்வொரு அசைக்கும் விழுந்தது. ம, ஹேந், திர, ராஜா. இரண்டாயிரம் பேர். ஒரு எழுத்தும் விடாமல் சொன்னார்கள். தன் பெயரை அந்தச் சத்தத்தில் கேட்ட மனிதர் எழும்பவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

சத்தம் அடங்கியபின் அக்கா உட்கார்ந்தாள். ஜக்கெட்டைச் சரிசெய்தாள். அவரைப் பாராமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கூட்டத்தோட சேர்ந்து சொன்னது கணக்கில வராது."

அத்தான் கண்ணைத் துடைத்தார்.

"முதல் தரம் கூட்டம் கத்தேல்லையப்பா," என்றார். "நீர் தனியத்தான் கூப்பிட்டனீர்."