பாம்புப் பண்ணைக்குப் பட்டுச்சேலை

மாடசாமி அண்ணாச்சி போய்விட்டாராம். நேற்று மத்தியானம், முக்கூடலில். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

சித்தி மகன் போனில் சொன்னான். "மெட்ராஸ்ல நம்ம மாமா வீட்டுக்குக் கார் ஓட்டுனாவல்லா, அவிய" என்று எனக்கு அடையாளம் வேறு சொன்னான். எனக்கா தெரியாது...

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். ஆனால் முக்கூடலுக்குக் கிளம்பவில்லை. நான் இருக்கும் சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். போகத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் லீவு. நான் பி.எஸ்சி. கடைசி வருஷம். அம்மா திடீரென்று, "மெட்ராஸ் சுத்திப் பாத்துட்டு வருவோமா?" என்றாள். ஆச்சியும் வருகிறாள் என்றதுமே நான் சுதாரித்திருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்துக்குக் கூப்பிட்டாலே முட்டுவலி என்று சொல்கிறவள் அவள். குஷியில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

எழும்பூர் ஸ்டேஷனில் மாமாவின் காரோடு வந்து நின்றவர்தான் மாடசாமி அண்ணாச்சி. எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல். "ஆத்துல தண்ணி போவுதா பாப்பா?" இதுதான் முதல் கேள்வி. சௌக்கியம் விசாரித்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதல் நாள் மெரினா, மியூசியம். எனக்கு மின்சார ரயில் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. அண்ணாச்சி ஒரு ரயில்வே கேட் பக்கத்தில் காரை ஓரங்கட்டி, ஐந்தாறு ரயில் போகிற வரைக்கும் நிறுத்திக் காட்டினார். "ஏட்டி, ரயிலப் பாக்கதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்று ஆச்சி ஏசிக்கொண்டே இருந்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அம்மா பெட்டியிலிருந்து அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து நீட்டினாள். எங்கே? கிண்டி பாம்புப் பண்ணைக்கு!

"பாம்பு பாக்க எதுக்கும்மா பட்டு?"

"நாலு பேரு வார எடத்துக்கு நல்லா உடுத்திட்டுப் போவாண்டாமா?" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆச்சி தலை கொள்ளாமல் பூ வைத்துவிட்டாள்.

பண்ணை வாசலில் அம்மாவும் ஆச்சியும் டிக்கெட் எடுக்கப் போனார்கள். அண்ணாச்சி கார்க் கண்ணாடியைத் துடைத்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, ஒங்கிட்ட சொல்லலன்னா எனக்கு மனசு கேக்காது. உள்ள மாப்பிள வீட்டுக்காரவ நிக்காவ. ஒன்னப் பாக்கத்தான் வந்திருக்காவ. புடிச்சிருந்தா தையிலயே முடிச்சிரணும்னு முதலாளி போன்ல பேசிட்டு இருந்தாவ."

தையிலா? பரீட்சை ஏப்ரலில். என் அக்காவுக்கும் இப்படித்தான், செகண்ட் இயரில் கல்யாணம், அதோடு படிப்புக்கு முழுக்கு. அவள் புஸ்தகமெல்லாம் அப்போதும் பரணில் கிடந்தன.

உள்ளே மலைப்பாம்புக் கூண்டு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நின்றார்கள். "அடடே, நீங்க எங்க இங்கன!" என்று ஆச்சி ஆச்சரியப்பட்டாள் பாருங்கள்... அப்படி ஒரு நடிப்பு. பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்தது மாதிரி ஏற்பாடு. அவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால் பெண்ணுக்குக் கெட்ட பேர் வராதாம்.

மாப்பிள்ளையின் அம்மா என்னை உச்சி முதல் பாதம் வரைக்கும் பார்த்தார். "போட்டோவுல இன்னும் கொஞ்சம் செவப்பா தெரிஞ்சாளே" என்றார்.

எங்கிருந்து வந்ததோ அந்த வேகம்.

"எனக்கு ஏப்ரல்ல பரிச்சை இருக்கு. இப்போ கல்யாணம் வேண்டாம்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். பாம்பு பார்க்க வந்த கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் மாமாவுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இவளுக்கு முன்கூட்டிச் சொன்னது யாரு?" அவருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

நான் அழுதுகொண்டு நின்றேன். ஆச்சி பக்கத்தில் வந்தாள்.

"யாருன்னு சொல்லிரு. நீ பரிச்சை எழுது, நான் குறுக்க நிக்க மாட்டேன். சொல்லலன்னு வையி... காலேஜு கீலேஜு எல்லாம் இன்னையோட சரி."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொல்லிவிட்டேன்.

ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தேன் என்று எழுத ஆசைதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மாமா வெளியே போய்க் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்ததும், அழாதே என்று கையைக் காட்டினார்.

ஏப்ரலில் பரீட்சை எழுதினேன். பாஸ். ஆச்சி சொன்ன சொல் தவறவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து சேரன்மகாதேவியில் ஒரு மினி பஸ் ஏறுகிறேன்... டிரைவர் சீட்டில் அவர்.

"ஏ பாப்பா! படிச்சு முடிச்சியா?"

"முடிச்சேன் அண்ணாச்சி. வேலைக்குப் போவுதேன்."

"அது போதும்!" கண்டக்டரைக் கூப்பிட்டு, "நம்ம பிள்ளலே" என்று என்னைக் காட்டினார். என்னை டிக்கெட் எடுக்கவே விடவில்லை.

வண்டியை எடுத்தவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வேலை போனதும் மெட்ராஸில் வேறு இடம் அமையவில்லையாம். குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டாராம்.

"அன்னைக்கு நாம பேசுனத எவனோ பாத்து முதலாளிகிட்ட போட்டுக்குடுத்துட்டான் பாத்துக்கோ. அது போவட்டும். ஒன்னத்தான் ரொம்ப ஏசிட்டாவளோன்னு எனக்கு வருத்தம்."

நான் தலையை ஆட்டினேன். உண்மை வாய் வரைக்கும் வந்தது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். அந்த மினி பஸ்ஸில் அப்புறம் நான் ஏறவே இல்லை. இத்தனை வருஷமாக. வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் எடுக்கிறார்களாம்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. அன்றைக்கு யாரும் நம்மைப் பார்க்கவில்லை. உங்கள் பேரைச் சொன்னது நான்தான்.