பெருங்களத்தூருக்குப் போன கிளி

எங்கள் தெரு மருந்துக்கடையின் போர்டுக்குள் ஒரு பழைய டியூப்லைட் சோக் இருக்கிறது. மாலையில் விளக்கைப் போட்டதும் ம்ம்ம் என்று ஆரம்பிக்கும். வண்டின் சத்தமும் இல்லை, மனிதன் முனகும் சத்தமும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. அதைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அந்தச் சத்தத்துக்குக் கீழே யாருக்காகவோ காத்து நிற்பதுபோல, அவர் வரவே மாட்டார் என்பதுபோல.

அப்போதெல்லாம் தாம்பரத்தில் யாரும் தெருப்பெயர் சொல்லி வழி காட்டியதில்லை. பல் டாக்டரின் மாடியில் ஆளுயரப் பல் ஒன்று தொங்கும். கண்ணாடிக் கடை வாசலில் இமைக்காத மூக்குக்கண்ணாடி. செருப்புக் கடைக்கு மேலே ஜோடி தொலைந்த பூட்ஸ். ‘பல்லுக்கு அடுத்த சந்து’, ‘பூட்ஸுக்கு எதிர்வாடை’ என்றால் போதும், வந்து சேர்ந்துவிடுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஜி.எஸ்.டி. ரோட்டின் ஜவுளிக்கடை மொட்டை மாடியில், கிளி. தகரத்தில் வெட்டிப் பச்சை அடித்து, ஓரமெல்லாம் நியான் குழாய் ஓட்டிய, இரண்டாள் உயரக் கிளி. இருட்டுகிற நேரத்தில் ரீங்கரித்துக்கொண்டே சிறகை விரிக்கும், மடக்கும், விரிக்கும். நிறுத்தத்தின் உண்மையான பெயர் கண்டக்டர்களுக்கே மறந்துபோயிருந்தது. “கிளியெல்லாம் எறங்கு” என்பார்கள். நாங்களும் கிளிகளாக இறங்குவோம்.

தொண்ணூறுகளின் நடுவில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தபோது, அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. உதிரப்போக்கை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்னபோது உதட்டில் நிறமே இல்லை. ஒரு பாட்டில் ரத்தமாவது கையில் இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சர்ஜன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவுடையது ஓ நெகட்டிவ். எனக்கும் அப்பாவுக்கும் வேறு. அலைந்து பார்த்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள்.

கடைசியில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த என் நண்பன் ஒரு வழி சொன்னான். அவர்கள் ஷெட்டில் லேத் மெஷின் ஓட்டும் ஒருவனுக்கு அதே குரூப். வடசென்னைக்காரன், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, தாம்பரம் பழக்கமில்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அனுப்புகிறேன், காக்கிச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு, எங்கே நிற்கச் சொல்ல என்று போனில் கேட்டான். அம்மாவைச் சேர்த்திருந்த நர்ஸிங் ஹோம் புதிதாகத் திறந்தது. சந்துக்குள் இருந்தது. அதற்கு இன்னும் போர்டுகூட மாட்டவில்லை. நான் யோசிக்கவே இல்லை.

“கிளிக்குக் கீழ நிக்கச் சொல்லு. நான் வந்து கூட்டிக்கிறேன்.”

மறுநாள் காலை, முடிச்சூர் வீட்டிலிருந்து அம்மாவுக்கு மாற்றுப்புடவை எடுத்துக்கொண்டு வந்தபோது, பஸ் ஜன்னலில் பார்த்தேன். எதிரே ஒரு லாரி. அதில் கிளி, மல்லாந்து, அலகு வானத்தைப் பார்க்க, கயிற்றால் கட்டுண்டு போய்க்கொண்டிருந்தது. அந்த வயதில் எனக்கு எதைப் பார்த்தாலும் ஒரு வரி தோன்றும். அன்றைக்கும் தோன்றியது. டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்: ‘முதுகால் பறக்கிற பறவை’. எழுதிவிட்டு அதையே திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டேன். கிளி எங்கே போகிறது, அதன் கீழே யார் வந்து நிற்கப்போகிறான் என்று என் புத்தியில் உறைக்கவில்லை. அந்த டிக்கெட்டை நான் பிறகு மன்னிக்கவே இல்லை.

பன்னிரண்டுக்குப் போய் நின்றேன். மேலே வெறும் இரும்புச் சட்டம், அதன் வழியாக வெயில். போர்டு போனால் என்ன, கட்டடம் இங்கேதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டே கால். மூன்று மணிக்கு சர்ஜன் வருவார். எடுத்த ரத்தம் அம்மாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து முடிக்க நேரம் வேண்டும், இரண்டுக்குள் ஆள் வந்து படுத்துவிடவேண்டும் என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லியிருந்தார். பன்னிரண்டரை. வருகிற போகிற காக்கிச் சட்டைகளையெல்லாம் முறைத்தேன். ஒரு போலீஸ்காரர் திருப்பி முறைத்தார்.

சுவரோரம் கொய்யா விற்ற அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயும் கிளியத் தேடுறியா?” என்றார். “காத்தாலேர்ந்து ஒவ்வொருத்தனா வந்து கேட்டுக்கினு கீறான். கடய பெருங்களத்தூருக்கு மாத்திட்டாங்க, கிளி அங்க பூட்ச்சுன்னு சொல்லிச் சொல்லி வாய் நோவுது.”

காக்கிச் சட்டை போட்டவன் யாராவது கேட்டானா, கையில் தூக்கு வைத்திருந்தானா என்றேன். நீ வருவதற்கு அரை மணி முன்னாலேயே கேட்டான், நல்ல பிள்ளையாட்டம் கேட்டான், பஸ் ஏத்திவிட்டதே நான்தான் என்றார். பெருமையாகச் சொன்னார்.

தெற்கே போன முதல் பஸ்ஸில் தொற்றினேன். இரும்புலியூர் தாண்டியதும் அது நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டியவரை பண்டிகைக்கு ஊருக்குப் போகும் பஸ்கள், கூரையில் மூட்டைகள், ஹாரன்கள். இறங்கி ஓடினேன். ஓட ஓட அம்மாவின் உதடுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. டீசல் புகை நெஞ்சில் இறங்கியது. ஒருவேளை அவன் காத்திருந்து சலித்து, வேறு பஸ் பிடித்துப் போயிருந்தால்? போனால் யாரும் குறை சொல்லமுடியாது. அம்மா அவனுக்கு யார்?

பெருங்களத்தூரில் தூரத்திலிருந்தே தெரிந்தது. புதுக் கட்டடத்தின் மேல்மாடிக்கும் தரைக்கும் நடுவே, அந்தரத்தில் கிளி. மேலே கப்பி, கீழே இரண்டு பக்கமும் கயிறு, பக்கத்துக்கு மூன்று பேர். இடப்பக்கக் கயிற்றில் கடைசி ஆள் காக்கிச் சட்டை. காலடியில் சாப்பாட்டுத் தூக்கு.

நண்பனின் பெயரைச் சொல்லி, பின்னாலிருந்து கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அவன் திரும்பினான். கயிறு அவன் கையில் ஒரு சாண் நழுவியது. கிளி இடது பக்கம் சாய்ந்து, சிறகு கைப்பிடிச் சுவரில் மோதி, டங் என்று தகரம் மடங்கியது. அடியில் நின்றவர்கள் சிதறினார்கள். மேஸ்திரி என் தாயைச் சேர்த்துத் திட்டினார். அந்த நேரத்தில், அந்தத் தாயை.

“கை எடுக்க முடியாது சார்,” என்றான் அவன், கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “உட்டா கீழ கீறவன் தல மேல எறங்கும். இது ஏறட்டும்.”

மணி ஒன்று. கிளி ஒரு சாண் ஏறும், நிற்கும். மேஸ்திரி பீடியைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். மறுபடி ஒரு சாண். நானும் போய் அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். வேறு என்ன செய்வது? என் முகத்துக்கு நேரே அவன் புறங்கை. வெயிலில் நரம்பு புடைத்து நீலமாக ஓடியது. எனக்கு வேண்டியது அதற்குள்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். ஏன் இந்த வேலையில் மாட்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

“கிளி கீழ படுத்துக்கினு இருந்தா நீ எப்டி பாப்ப? மேல ஏத்துனா தெரியும்ல. அதான் கை குடுத்தேன்.”

மேஸ்திரி குரல் கொடுத்தார். சேர்ந்து இழுத்தோம்.

கடைசி போல்ட்டை முறுக்கியபோது மணி ஒன்றரை. தாம்பரம் பக்கம் போகும் சாலை காலியாக இருந்தது, ஆட்டோ கிடைத்தது. வழியெல்லாம் அவன் உள்ளங்கைகளை ஊதிக்கொண்டே வந்தான். கயிறு தோலை உரித்திருந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கை நடுங்குகிற ஆளிடம் எப்படி எடுப்பது என்று இளநீர் குடிக்கவைத்து, பத்து நிமிடம் படுக்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் நான் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே நின்றேன், அது கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று.

மூன்று மணிக்கு சர்ஜன் வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகாலுக்கு இன்னொரு தடவை பார்த்தார். மூன்று இருபதுக்குப் பரிசோதனை முடிந்து பாட்டில் வந்தது. அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவனைப் போகச் சொன்னோம், போகவில்லை. தன் தூக்கைத் திறந்து அப்பாவுக்குப் பாதி தயிர்சாதம் கொடுத்தான். அப்பா காலையிலிருந்து சாப்பிடாதவர், வாங்கிச் சாப்பிட்டார். ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. நடுவில் திடீரென்று ரத்தம் அதிகம் போய்விட்டதாம், அந்தப் பாட்டில் முழுதும் ஏற்றவேண்டியிருந்ததாம், இப்போது பயமில்லை என்றார் நர்ஸ். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவனை வழியனுப்ப வந்தேன். அதே வெற்றுச் சட்டத்துக்குக் கீழே நின்றோம். எனக்கு ஒரு வரியும் வரவில்லை. பஸ் வந்ததும் ஏறி, உரிந்த கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையால் அணைத்துக்கொண்டான். மத்தியானத்திலிருந்து சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், பஸ் நகர்ந்ததும் குனிந்து சொன்னான்:

“உங்கம்மா நடக்க ஆரம்பிச்சா பெருங்களத்தூர் இட்டுக்கினு போ, மச்சான். எடது றெக்க கோணலா இருக்கும் பாரு. அது என் பக்கம்னு சொல்லு.”