சிதம்பரம் ஆசாரியின் மூக்கு

தேக்கை மூக்கால் வாங்குகிறவர் சிதம்பரம் ஆசாரி. பழைய வீடு பிரித்த மரம் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தால், ஓரத்தில் இரண்டு இழுப்பு இழைத்துச் சீவலை மோந்து பார்ப்பார். பர்மாத் தேக்கென்றால் எண்ணெய் வாடை தூக்கும். இல்லையென்றால் கடைக்காரரின் பரம்பரையையே விசாரித்துவிட்டுத்தான் திரும்புவார்.

அப்படிப்பட்டவரை, கொரோனா இரண்டாவது சுற்று வந்த வருஷம், மகள் தீபலட்சுமி தினமும் பரீட்சை எழுத வைத்தாள். அவள் ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற ஆண்பிள்ளை, குறைமாதம், கையகலம்தான் இருந்தான். வாசல் கதவில் ஒரு நோட்டைக் கட்டிவிட்டாள். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சுத்திணறல், மணம் தெரிகிறதா இல்லையா, எல்லாவற்றையும் காலையில் பார்த்து எழுதினால்தான் பிள்ளை இருக்கும் அறைக்குள் போகலாம்.

"இருமல்னா எந்த இருமல்?" என்றார் ஆசாரி. முப்பது வருஷமாக மரத்தூள் தின்ற தொண்டை.

"புது இருமல்ப்பா."

மனிதர் மசியவில்லை. திங்கட்கிழமையே ஞாயிறு வரைக்கும் எல்லாம் சுகம் என்று எழுதிவைத்துவிட்டார். வருகிற வியாதி நோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்ற நினைப்போ என்னவோ.

வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற நாள். அம்மாவைப் பெற்ற தாத்தாதான் முதலில் கிடத்த வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். தொட்டிலையும் அவரே செய்தார். வியாழக்கிழமை அலங்காரத்துக்கான கடைசிச் சட்டத்தை இழைத்தபோது சீவலை மோந்தார். வாடையே இல்லை. இன்னொரு சீவலை எடுத்தார். அதிலும் இல்லை.

முகக்கவசம் தாடையில் தொங்க, சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, மரம் விற்ற ஏகப்பன் கடைக்குப் போனார்.

"என் பேரன் தொட்டிலுக்கே போலி மரமா?"

ஏகப்பன் சட்டத்தை மோந்தார். "என்ன ஆசாரியாரே சொல்றீக? எண்ணெய் வாடை தெருக்கோடி வரைக்கும் அடிக்குதே."

"எனக்கே தேக்கு சொல்லித் தர்றீகளா?"

ஏகப்பன் டர்பன்டைன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போனார். "இங்குட்டு வந்து இதை மோந்து பாருங்க."

ஆசாரி மூக்கு நனைகிற மட்டும் குனிந்தார். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. முகக்கவசத்தை மெதுவாக மேலே ஏற்றினார். ரசத்தில் பெருங்காயமே இல்லையென்று நேற்று மனைவி பிச்சையம்மாளைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அதே கையோடு பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சியதும் நினைவுக்கு வந்தது.

வழியெல்லாம் ஒரே யோசனை. காய்ச்சல் இல்லை. நோட்டிலும் எல்லாம் சுகம். நாளை ஒருநாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

வீட்டு வாசலைத் தாண்டவில்லை. தெருவில் நின்றே கூப்பிட்டார். "பிச்சை, அந்த நோட்டை அவுத்து இங்குட்டுப் போடு."

"உள்ள வந்து எழுதுனா என்னவாம்?"

"வரக் கூடாது. மூக்கு செத்துப்போச்சு."

ஞாயிறு வரை எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, 'மணம் தெரியவில்லை' என்று எழுதினார்.

பரிசோதனையில் அவருக்கு மட்டும் கொரோனா என்று வந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பிச்சையம்மாள்தான் பிள்ளையைக் கிடத்தினாள். கொல்லைப் பட்டறையில் தனியாக உட்கார்ந்து குலவைச் சத்தத்தைக் கேட்ட ஆசாரி, தேம்பி அழுதார். கண் சிவந்ததற்கு மரத்தூள் மேல் பழி போட்டார்.

பதினெட்டாம் நாள் உள்ளே வரலாமென்று டாக்டர் சொன்னார். அறை வாசலில் தீபலட்சுமி நோட்டோடு நின்றாள்.

"மணம் தெரியுதாப்பா?"

ஆசாரி வாசலை ஒட்டியிருந்த தொட்டிலுக்குள் குனிந்தார். பேரன் அப்போதுதான் தன் காரியத்தை முடித்திருந்தான்.

"தெரியுது ஆத்தா. நல்லாவே தெரியுது" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துணியை வாங்கித் தானே துடைத்துவிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, நோட்டில் அன்றைய தேதிக்கு மட்டும் எழுதினார்.