வோல்சனின் கடைவாய்ப் பல்

ஜுமுன்ஜின் துறைமுகச் சந்தையில் கணவாய்க் கருவாடு விற்கும் வோல்சனுக்கு வயது அறுபத்தொன்று. பல்லுக்கு மட்டும் வயதாகவில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். சுற்றுலா பஸ் வந்து நின்றால் போதும், வாட்டிய கணவாயின் கால் ஒன்றைப் பிய்த்துக் கடைவாயில் போட்டு அரைத்துக் காட்டுவாள். "எல்லாம் என் சொந்தப் பல்லு. நானே கடிக்கிறேன், உங்களுக்கு என்ன?" என்பாள். எதிர்க்கடை மியோங்ஹி கத்தரியால் நறுக்கி விற்பதைப் பார்த்து, பொக்கைவாய்க்காரர்களுக்குக் கடை விரித்திருக்கிறாள் என்று கேலி வேறு.

சொந்தப் பல் என்பதில்தான் ஒரு பொய். வலது கீழ்க் கடைவாய்ப் பல், பன்னிரண்டு வருடத்துக்கு முன் தாடை எலும்பில் உலோக வேர் இறக்கிப் பொருத்தியது. உலோகத்துக்கு என்ன ஆகிவிடும் என்ற தைரியத்தில் கடினமான வேலையையெல்லாம் அந்தப் பக்கத்துக்கே கொடுத்தாள். பத்து நாளாக அது லேசாக ஆடியது. டாக்டரிடம் போனால் கணவாயை விடச் சொல்வார் என்று போகாமல் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, பஸ் கூட்டத்தின் எதிரிலேயே பல் கழன்று கணவாய்த் தட்டில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கூட்டம் மெல்ல எதிர்க்கடைப் பக்கம் நகர்ந்தது. பல்லைப் பற்றிப் பொய் சொன்னவள் கணவாயைப் பற்றிச் சொல்வதை இனி யார் நம்புவார்கள்? பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தெருமுனைப் பல் டாக்டரிடம் ஓடினாள்.

வேரே போயிற்று, இனி ஆறு மாதம் கஞ்சிதான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். வேர் எலும்போடு இறுகி நிற்கிறது, பல்லை வேரோடு பிடித்திருக்கும் சின்னத் திருகாணிதான் தளர்ந்துவிட்டது என்றார். புதுத் திருகாணி போட்டு அரை மணியில் முறுக்கிவிட்டார். பிறகு கண்ணாடியில் அதற்கு நேர் மேலே இருந்த பல்லைக் காட்டினார். அதில் விரிசல் ஓடியிருந்தது.

"வச்ச பல்லு தாங்கிடுச்சும்மா. அதோட இடிபட்ட உங்க சொந்தப் பல்லுதான் தாங்கல. வச்ச பல்லுக்கு அழுத்தம் அவ்வளவா தெரியாது, நீங்க பாட்டுக்குக் கடிச்சிருக்கீங்க. அடுத்த வாரம் வாங்க, மேல் பல்லுக்கு உறை போட்டுடலாம். இனிமே கத்தரியில நறுக்கித்தான் திங்கணும்."

கத்தரி என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது.

திரும்பி வந்தபோது பஸ் இன்னும் கிளம்பவில்லை. வோல்சன் நேராக மியோங்ஹியிடம் போய்க் கத்தரியைக் கேட்டாள். மியோங்ஹி ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"நான் சொன்னது பொய்தான்" என்றாள் வோல்சன், கூட்டத்தைப் பார்த்து. "ஒண்ணு வச்ச பல்லு. பன்னெண்டு வருஷம் இந்தக் கணவாயோட மல்லுக்கட்டியிருக்கு. கணவாய் நல்ல கணவாய். இனிமே நறுக்கித் தர்றேன்."

தொப்பிக்காரப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து வாயைத் திறந்து காட்டினார். "எனக்கு வச்ச பல்லு மூணு இருக்கும்மா. வருஷா வருஷம் வர்றேன். உன் பேச்சைக் கேட்டுட்டு, இது நமக்கில்லன்னு போயிடுவேன். பொடிசா நறுக்கு."

எனக்கு ரெண்டு, எனக்கு நாலு என்று பின்னால் குரல்கள் கிளம்பின. இத்தனை வருடம் யாரையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தோம் என்று வோல்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மியோங்ஹி வந்து கை நீட்டினாள். "அக்கா, என் கத்தரி."

"நாளைக்குத் தர்றேன், போடி" என்று சொல்லிவிட்டு வோல்சன் அடுத்த கணவாயை எடுத்தாள்.