பேராயரின் வெள்ளிக்கிழமைகள்

லுண்ட் நகருக்குத் தோர்பெர்ன் பேராயராகி ஏழு வருடம் ஆகிவிட்டது. ஏழு வருடமும் மனுஷர் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அதற்கு முன் முப்பது வருடம் அதே ஊரின் தொமினிக்கன் மடத்தில் துறவியாக இருந்தார். இறையியல் கற்பித்தார், புத்தகம் எழுதினார், முறை வந்தால் சட்டியும் கழுவினார். யாரோ அவர் பெயரை ரோமுக்கு எழுதிப்போட்டார்கள். வேண்டாம் என்று மூன்று கடிதம் எழுதிப் பார்த்தார், பதவியைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

அரசனோடு நிலத்தகராறு, மொட்டைத்தலைக் குருக்களுக்குள் குடுமிப்பிடி. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அவருக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுதான் ஆறுதல். அன்று மடத்தில் குற்ற அவை கூடும். ஒவ்வொரு துறவியும் தரையில் குப்புற விழுந்து தன் தவறுகளைச் சொல்வார். விட்டுப்போனதை மற்றவர்கள் சொல்வார்கள். மடத்தலைவர் தண்டனை தருவார். பேராயருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் தோர்பெர்ன் வாரம் தவறாமல் வந்து விழுந்தார். இங்கேயாவது தான் இன்னும் சகோதரன்தானா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒருவரும் அவர்மேல் குறை சொன்னதில்லை.

அந்த வெள்ளியும் விழுந்தார். முழங்கால் நொந்தது.

“ஜெபத்துல மனசு நிக்கல. கோபப்பட்டேன்.”

மடத்தலைவர் எஸ்கர் நெளிந்தார். “எந்திரிங்க ஆண்டகையே. உங்களுக்குத் தண்டனை குடுக்க நான் யாரு?”

“வேற யாருக்காவது எம்மேல குறை இருக்கா? சொல்லுங்கப்பா.” கெஞ்சலாகவே கேட்டார்.

சமையல் பார்க்கும் துருகோத் செருமினார். அவரும் தோர்பெர்னும் ஒரே நாளில் மடத்தில் சேர்ந்தவர்கள்.

“எனக்கு இருக்கு. நீ தனியாவா வர்ற? பேராயர் தனியா நடக்கக் கூடாதுன்னு பன்னெண்டு குதிரைக்காரங்க பின்னாடியே வர்றாங்க. வந்தவனப் பட்டினியா அனுப்பக் கூடாதுங்கறது நம்ம சட்டம். எங்க மீனு பூரா அவனுங்க வயித்துக்குள்ள போகுது. சனி, ஞாயிறு எங்களுக்குத் தண்ணிக் கஞ்சி. ஏழு வருஷமா இதே கதைதான். சொல்ல எல்லாருக்கும் பயம்.”

எஸ்கரின் முகம் வெளுத்தது. தோர்பெர்னுக்கோ நெஞ்சு நிறைந்துபோனது. அவரை ஒருவர் ‘நீ’ என்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று.

“உண்மைதான். தண்டனை சொல்லுங்க” என்றார், முகத்தைத் தரையிலிருந்து எடுக்காமல்.

எஸ்கர் மெல்லச் சொன்னார்: “இனிமே இங்க வராதீங்க...” நிறுத்தினார். “வராத, சகோதரா.”

தண்டனையை எதிர்த்துத் துறவி பேசக் கூடாது. தோர்பெர்ன் தரையை முத்தமிட்டார். துருகோத் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

“இன்னிக்கி சாப்பிட்டுப் போ.”

“வேணாம்டா” என்றார் தோர்பெர்ன். வாசலுக்குப் போய், அடுப்படிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த குதிரைக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு கிளம்பினார்.