ஞாயிறுக்குத் தள்ளிப்போன மாதா

பிரதேச சபைத் தேர்தலில் நான் நின்றது ஒரு ரோட்டுக்காக. சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊர் திரும்பி வருடங்களாகியும் எங்கள் கரை வீடுகளுக்குப் போகும் வழி வெறும் மணல். என் தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்த அன்று ஓட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் தப்பியது மாதாவின் புண்ணியம். அந்தக் கோபத்தில்தான், சுயேச்சைக் குழுவொன்று பெண் வேட்பாளர் தேடி வந்தபோது ஓம் என்றேன்.

எதிரே நின்றவர் மீனவர் சங்கத் தலைவர். அவருடைய கட்சிதான் எங்கள் பங்குச் சுவாமியாருக்குப் பிடித்த கட்சி என்பது ஊருக்கே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்பதற்கு மேல் சுவாமியார் பிரசங்கத்தில் ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் எந்த வாங்கைப் பார்க்கிறார் என்று சனம் கவனித்துக்கொண்டிருந்தது. தலைவர் அந்த வாங்கில்தான் உட்கார்ந்திருப்பார்.

எனக்கிருந்த ஒரே பலம் மாதா. கோயில் திருநாளுக்கு முன் மாதாவின் சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகும். பின்னேரம் ஊரே அங்கே கூடிச் செபமாலை சொல்லும். யார் வீட்டுக்கு எந்த நாள் என்று சுவாமியார் முன்கூட்டியே லிஸ்ட் எழுதி ஒட்டிவிடுவார். என் முறை வெள்ளிக்கிழமை, தேர்தலுக்கு முதல்நாள். கூட்டம் வைக்கவோ வீடு வீடாகப் போகவோ சட்டம் விடாத நாள் அது. ஆனால் செபமாலையை எந்தச் சட்டம் தடுக்கும்? வருகிற சனத்துக்குக் கொடுக்க நான் பத்துக் கிலோ கடலைக்குச் சொல்லி வைத்தேன்.

தலைவரும் அந்த லிஸ்டைப் படித்திருந்தார். லிஸ்ட் ஒட்டிய மூன்றாம் நாள் சுவாமியாரின் மோட்டார் சைக்கிள் என் படலையில் நின்றது. உள்ளே வராமலே சொன்னார்.

"பிள்ளை, மாதாவை அரசியலுக்குள்ள இழுக்கக்கூடாது."

"நான் எங்கை சுவாமி இழுத்தனான்? நீங்கள் எழுதின லிஸ்டிலதானே வாறா."

அவர் சிரித்துக்கொண்டே போய் லிஸ்டை மாற்றினார். என் வீடு ஞாயிறுக்குப் போனது. வெள்ளிக்கிழமை தலைவரின் அக்கா வீட்டுக்கு. அக்கா வேட்பாளர் இல்லையாம், ஆகவே அது அரசியல் இல்லையாம். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வளவு, ஒரே கேற்.

ஊரில் செபமாலையை முன்னின்று சொல்பவள் நான்தான். மாதாவோடு கோபித்துக்கொள்ள முடியுமா? வெள்ளி பின்னேரம் அந்த முற்றத்தில் முழந்தாளிட்டு, ஐம்பத்துமூன்று அருள்நிறை மரியே செபத்தையும் ஒன்றும் குறையாமல் சொன்னேன். தலைவர் வெள்ளை வேட்டியோடு நின்று வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு தரம். மாதா இவளின் வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டா என்று பின்னால் யாரோ குசுகுசுத்தது மன்றாட்டின் நடுவில் காதில் விழுந்தது. என் தேர்தல் அங்கேயே முடிந்துவிட்டது.

கைவிரலில் எண்ணக்கூடிய வாக்குகளால் தோற்றேன். ஞாயிறு காலை என் மனுசன் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார். துருவித் துருவிக் கேட்டதில், தானும் தலைவருக்கே போட்டதாக ஒத்துக்கொண்டார்.

"மாதாவே வராத வீட்டுக்கு நான் எப்பிடிப் போடுறது?"

இருபது வருடமாக அந்த மனுசனுக்குச் சமைத்துக் கொடுத்தவள் நான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன். மாதா வரும் நாளாகப் போய்விட்டது.

பின்னேரம் பூவும் கலர் பல்பும் கட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் மாதா வந்தா. என் வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சில்லு மணலில் புதைந்தது. சுவாமியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நின்று தள்ளினார். சில்லு வாரி இறைத்த மணல் அவர் முகமெல்லாம் அப்பியது. மூச்சு வாங்க நிமிர்ந்தவர் என்னைக் கண்டார்.

"இந்த ரோட்டுக்கு ஆரிட்டப் பிள்ளை சொல்லவேணும்?"

"வெள்ளிக்கிழமை மாதாவை ஆரிட்ட அனுப்பினீங்களோ, அவரிட்டச் சொல்லுங்கோ சுவாமி."

அவர் மறுபடி குனிந்து தள்ளினார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது. ஆனாலும் மாதா என்ன செய்வா? அவ கேட்டா இந்த வழியால் வந்தா? நானும் சேலையைச் செருகிக்கொண்டு, சுவாமியாருக்குப் பக்கத்தில் நின்று தள்ளினேன்.